பேட்டையின் பெரியோர் பட்டியல்: டர்பன் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பேட்டைகள் பல இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. சோம்ட்சு சாலையோரம் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸை 1960களில் காலி செய்யவைத்தார்கள். காட்டோ மேனரில் கீரையும் மிளகாயும் பயிரிட்ட குடும்பங்களை இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் கலைத்துப்போட்டது. கிளேர்வுட்டில் வீடுகள் இருந்த இடங்களில் கிடங்குகளும் லாரி நிறுத்தங்களும் பெருகிவிட்டன. அங்கே யார் பிறந்தார்கள், யார் வாழ்ந்தார்கள் என்பதைக் கோயில் சங்கமோ பள்ளிக்கூடமோ வாசகர் வட்டமோ உட்கார்ந்து முறையாக எழுதிவைத்தால்தான் அந்தத் தெருக்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவரும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் புகழ்பெற்றவரின் பெயரிலிருந்துதான் தொடங்குகின்றன. நான்கு பெயர்களை எல்லோருக்கும் தெரியும். அவற்றைச் சுற்றிப் பத்து வரி எழுதியதும் வேலை முடிந்துவிடுகிறது. நான் சொல்லும் வழி இதற்கு நேர்மாறானது. முகவரியிலிருந்து தொடங்குங்கள். எந்த வீடு, எந்தக் கடை, எந்தக் கோயில், எந்தப் பள்ளி என்று முதலில் இடங்களைப் பட்டியலிட்டு, பிறகு ஒவ்வொரு கதவையும் தட்டி உள்ளே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். யாரும் எழுதாத பெயர்கள் அப்போதுதான் வெளியே வரும்.

முதல் படி: எல்லையும் காலமும்

டர்பன் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கரை காண முடியாது. ஒரே ஒரு பேட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரே தெருவும் சுற்றியுள்ள கடைவீதிகளும் ஒரு பேட்டை. கிளேர்வுட் ஒன்று, மெரேபேங்க் ஒன்று, அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியேறிய சாட்ஸ்வொர்த்தின் ஒரு யூனிட், அதாவது ஒரு பகுதி, மட்டும்கூடப் போதும். அச்சிட்ட வரைபடத்தை விரித்துப் பென்சிலால் எல்லை போடுங்கள். எல்லையில் வரும் தெருவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்வரிசை வீட்டுக்காரரை விட்டுவிட்டால் அந்த வருத்தம் வருடக்கணக்கில் நிற்கும்.

காலத்தையும் முடிவு செய்ய வேண்டும். மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதற்கு முந்திய காலத்துக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. முடிவு ஆண்டைப் பேட்டையின் கதையே சொல்லும். மேகசின் பாரக்ஸுக்கு அது 1960களில் முடிகிறது. சாட்ஸ்வொர்த்துக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் படியில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பழைய தெருப்பெயர், புதிய தெருப்பெயர் இரண்டையும் எதிரெதிரே எழுதி ஓர் அட்டவணை போடுங்கள். பழைய கடிதம், திருமண அழைப்பிதழ், கடை ரசீது எல்லாவற்றிலும் பழைய பெயர்தான் இருக்கும்; இன்று தெருமுனையில் நின்று பார்த்தால் வேறு பெயர் இருக்கும். கிரே தெரு இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் குணம் தெருவாகிவிட்டது. பைன் தெரு மான்டி நாயக்கர் சாலை, விக்டோரியா தெரு பெர்தா ம்கீஸே தெரு, குயின் தெரு டெனிஸ் ஹர்லி தெரு, லோர்ன் தெரு இஸ்மாயில் மீர் தெரு. இந்த அட்டவணை இல்லாமல் இறங்கினால் ஒரே கடையை இரண்டு கடையாக எண்ணிவிடுவீர்கள்.

பெயர்ப்பலகையைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யூசுப் தாதூ 1909இல் க்ரூகர்ஸ்டார்ப்பில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க்கில் மருத்துவம் பார்த்தவர். அவர் பெயர் தாங்கிய தெரு டர்பனில் இருப்பது அவருக்குச் செய்த மரியாதை. அவர் அங்கே குடியிருந்தார் என்று அதை வைத்து எழுத முடியாது. சாஸ்திரி கல்லூரியும் அப்படித்தான். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1927 முதல் 1929 வரை இந்திய அரசின் முகவராகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் முயற்சியால் எழுந்த கல்லூரி அவர் பெயரைச் சுமக்கிறது. பேட்டையின் பட்டியலில் அவருக்கு இடம் உண்டு, ஆனால் குடியிருந்தவர் என்ற தலைப்பின் கீழ் இல்லை.

இரண்டாம் படி: என்ன உறவு என்று பிரித்து எழுதுங்கள்

பட்டியல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பிறந்தவர், குடியிருந்தவர், படித்தவர், தொழில் நடத்தியவர், போராடிச் சிறை போனவர், அடக்கமானவர் என்று உறவுகள் பல. ஒவ்வொருவருக்கும் எந்த உறவு பொருந்துகிறது என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரோடு தில்லையாடி ஒட்டியிருப்பதால் அவர் அங்கே பிறந்தவர் என்றே தமிழ்நாட்டில் பலர் நினைக்கிறார்கள். தில்லையாடி அவருடைய குடும்பத்தின் பூர்விக ஊர். அவர் 1898இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். சிறையிருந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, பதினாறே வயதில் இறந்தபின் அடக்கமானது ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில். ஆக ஒரே பெண்ணின் பெயர் மூன்று ஊர்ப் பட்டியல்களில் மூன்று உறவாக வரும். எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு "எங்கள் ஊர் வள்ளியம்மை" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

தம்பி நாயுடு 1875இல் மொரீஷியசில் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்க் தமிழர்களைத் திரட்டிச் சத்தியாக்கிரகத்தின் முன்வரிசையில் நின்றவர். அவர் மகன் நாராயணசாமி, மருமகள் மனோன்மணி ஆகியோரின் வீடு ஜோகன்னஸ்பர்க்கின் டோர்ன்ஃபோன்டைனில் ராக்கி தெருவில் இருந்தது. அவர்கள் பிள்ளைகளும் போராட்டத்தில் இறங்கினார்கள். இந்திரேஸ் நாயுடு பத்தாண்டு ராபன் தீவில் சிறையிருந்தார். டோர்ன்ஃபோன்டைனுக்குப் பட்டியல் போடுகிறவர் ஒரு வீட்டு எண்ணிலிருந்தே மூன்று தலைமுறையை எழுதிவிடலாம். முகவரியிலிருந்து தொடங்கச் சொன்னதன் பயன் இதுதான்.

டர்பனில் "போராடியவர்" என்ற உறவுக்கு மிக முக்கியமான இடம் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் முனை. 1946 ஜூன் 13ஆம் தேதி இந்தியரின் நில உரிமையைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகிகள் அங்கே கூடாரம் போட்டார்கள். அந்த முனையைச் சுற்றிப் பட்டியல் போடுகிறவர் அங்கே குடியிருந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்தப் போராட்டத்தில் கைதானவர்களையும் தேட வேண்டும். அவர்களில் துணி ஆலைத் தொழிலாளியும் வீட்டுப் பெண்களும் உண்டு.

மூன்றாம் படி: முகவரிப் புத்தகம்

கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். கணினியில் செய்ய விரும்பினாலும் முதலில் நோட்டில் எழுதுவதே நல்லது. பெரியவர்களிடம் போகும்போது அதை அவர்கள் மடியில் வைத்துப் புரட்டுவார்கள். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். மேலே பழைய முகவரி, அதன் கீழே புதிய முகவரி. பிறகு மூன்று கேள்விகள்: யார் கட்டியது, யார் இருந்தார்கள், எந்த ஆண்டு போனார்கள்.

கோயில், பள்ளி, அச்சகம், சினிமாக் கொட்டகை, பஸ் கம்பெனி, முடிதிருத்தகம், மருத்துவர் அறை, தொழிற்சங்க அலுவலகம், விளையாட்டுத் திடல் என எதையும் விடாதீர்கள். அச்சகங்களை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் துருவுங்கள். காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் இதழ் 1903இல் ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கியது. மறு ஆண்டு ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போகும்வரை அது டர்பன் நகருக்குள்தான் அச்சானது. பி. எஸ். அய்யர் 1908இல் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் என்ற வார இதழை டர்பனில் ஆங்கிலத்திலும் தமிழிலும் தொடங்கி, ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதித்த மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து ஓயாமல் எழுதினார். ஈயத்தில் தமிழ் எழுத்துக் கோத்தவர்கள் இந்த நகரில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள், யாருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: ஏடுகளைப் புரட்டுதல்

1860 முதல் 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் பதிவேட்டில் ஒருவரின் வரி இப்படி இருக்கும்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார். நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் மச்சம் என்பது போன்ற குறிப்புகளோடு ஒரு மனிதரை அந்த வரி கண்முன் நிறுத்தும். பட்டியல் போடுகிறவருக்கு அதில் மிகவும் உதவும் கட்டம் கடைசிக் கட்டம். முதலாளியின் பெயர் கரும்புத் தோட்டமா, ரயில்வேயா, டர்பன் நகராட்சியா என்பது தெரிந்தால் குடியிருப்பைத் தேடும் இடம் சுருங்கிவிடும். நகராட்சி என்றால் மேகசின் பாரக்ஸிலிருந்து தேடத் தொடங்கலாம்.

அடுத்தது சொத்துக் கோப்பு. ஒருவர் இறந்ததும் நீதிமன்ற அலுவலகத்துக்குக் கொடுத்த இறப்பு அறிவிப்பில் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், தொழில், கடைசியாகக் குடியிருந்த இடம், மனைவி அல்லது கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். நேட்டாலின் பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடலில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சமாகும்.

நம்மவர்களில் பெரும்பாலோரைத் தகனம் செய்கிறோம். ஆகவே கல்லறைக் கல் கிடைக்காது. அந்தக் குறையை இறப்பு அறிவிப்பும் கோயில் கல்வெட்டும்தான் தீர்த்துவைக்கும். கோயில் வாசற்படி, கொடிமரப் பீடம், மணி, சமையற்கட்டுச் சுவர் என உபயதாரர் பெயர் எங்கெங்கே பொறித்திருக்கிறதோ அங்கெல்லாம் படம் எடுங்கள். சுண்ணாம்பு பூசி எழுத்து மறைந்திருந்தால் சாய்வெயில் விழும் காலை வேளையில் போய்ப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து எழும்பித் தெரியும். கத்தியாலோ கம்பியாலோ சுரண்டாதீர்கள்.

குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் போராட்டக்காரர்களின் வாய்மொழிப் பேட்டிகளும் படங்களும் இருக்கின்றன. டர்பனின் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் உங்கள் பேட்டையின் பெயரைச் சொல்லிக்கொண்டு போங்கள். ஆள் பெயரைச் சொன்னால் அந்த ஆளைப் பற்றி மட்டுமே எடுத்துத் தருவார்கள்.

ஐந்தாம் படி: பெயரைப் பிடித்தல்

தென்னாப்பிரிக்கத் தமிழரின் பெயரை ஏடுகளில் தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பதிவு செய்த அதிகாரி காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி ஓர் ஏட்டில் மூன்சாமி, இன்னொன்றில் முனிசாமி. கவுண்டர் கவண்டராகி, கோவெண்டராகி நின்றது. தகப்பன் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராகிவிட்டது; பெருமாளின் மகன் பெருமாளாகவே பதிவாகி, பேரனும் பெருமாளானார். அண்ணன் ஒரு குடும்பப் பெயரிலும் தம்பி வேறு குடும்பப் பெயரிலும் பள்ளியில் சேர்ந்த வீடுகளும் உண்டு.

ஆகவே ஒவ்வொருவருக்கும் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிவைத்துத் தேடுங்கள். டர்பன் முழுவதும் டாக்டர் குணம் என்று அறிந்த பெண்மணியின் முழுப்பெயர் கேசவலு குணரத்தினம் நாயுடு. 1906இல் டர்பனில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர், 1946 போராட்டத்தில் சிறை சென்றவர். நாயுடு என்று தேடினால் அவர் ஆயிரம் நாயுடுக்களுக்கு இடையே மறைந்துவிடுவார். குணம் என்று மட்டும் தேடினால் பள்ளிப் பதிவேடு கிடைக்காமல் போகலாம். 1910இல் பிறந்து, எடின்பரோவில் படித்து, 1945இல் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவரான மான்டி நாயக்கரின் முழுப்பெயர் கங்காதுரா மொகாம்பரி நாயக்கர். மான்டி என்ற பெயரில் அவருக்குப் பழைய ஏடு எதுவும் இருக்காது.

ஒரே பெயரில் இருவர் வந்தால் பிறந்த ஆண்டையும் முகவரியையும் வைத்துப் பிரியுங்கள். இரண்டும் கிடைக்கும்வரை இருவரையும் தனித்தனித் தாளில் வையுங்கள். அவசரப்பட்டு ஒன்றாக்கிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

பெண்களின் பெயருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ஏட்டில் இன்னாரின் மனைவி, தெருவில் இன்னாரின் அம்மா, வீட்டில் ஆயா என்றே வாழ்ந்து மறைந்தவர்கள் ஏராளம். சொந்தப் பெயர் தெரியாமல் ஒரு பெண்ணைப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தெரியும்வரை தேடுங்கள் என்றுதான் சொல்வேன். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கும்.

ஆறாம் படி: பெரியவர்களிடம் கேட்டல்

"உங்கள் பேட்டையில் பெரிய மனிதர்கள் யார்?" என்று கேட்டால் தாத்தா அரசியல்வாதிகளின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார். முகவரிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த மூலை வீட்டில் யார் இருந்தது தாத்தா?" என்று கேளுங்கள். பேச்சு தானாக நடக்கும். அந்த வீட்டுக்காரர் மிருதங்கம் வாசித்தார், பக்கத்து வீட்டு அக்கா தாதிப் படிப்புக்குப் போன முதல் பெண், எதிர்வீட்டு அண்ணன் கரீஸ் ஃபவுன்டனில் பந்து விளையாடினார் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்.

மேகசின் பாரக்ஸ்காரர்களையும் காட்டோ மேனர்காரர்களையும் இன்று சாட்ஸ்வொர்த்தில் தேடுங்கள். பழைய பேட்டையில் பக்கத்து வீடாக இருந்தவர்கள் அங்கே வெவ்வேறு யூனிட்டில் இருப்பார்கள். முடிந்தால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். திருமணப் படங்களின் பின்பக்கம், காவடித் திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் அட்டை ஆகியவற்றைக் கேட்டு வாங்கி அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அப்புறப்படுத்தப்பட்ட நாளைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள். இன்றும் அந்தப் பேச்சில் குரல் உடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏழாம் படி: யாரைச் சேர்ப்பது

நான் வைக்கும் அளவுகோல் இது: அவர் செய்த காரியத்தால் பேட்டையிலோ வெளியுலகிலோ பிறர் வாழ்க்கை மாறியதா, அதற்கு ஏடோ இரண்டு தனித்தனி வாய்மொழியோ சான்றாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சேருங்கள். பதவி வேண்டியதில்லை. மவுண்ட் எட்ஜ்கோம்பின் கணேசர் கோயிலை 1898இல் கட்டிய கிறிஸ்டப்பா ரெட்டிக்குப் பட்டம் எதுவும் கிடையாது. 1894இல் முதலாளி அடித்துப் பல் உடைந்து ரத்தம் வழிய காந்தியின் முன் வந்து நின்ற ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்துக்கு அந்த ஒற்றைப் பெயர்தான் நிலைத்தது. டர்பனின் எந்தப் பட்டியலிலும் அவருக்கு முன்னிடம் உண்டு.

காட்டோ மேனர் என்றால் 1934இல் அங்கே பிறந்த நாடக ஆசிரியர் ரோனி கோவெண்டர். சாட்ஸ்வொர்த் என்றால் அங்கே வளர்ந்து பின்னர் கிரீன்பீஸ் அமைப்பின் தலைமைக்கு உயர்ந்த குமி நாயுடு. இவர்களைச் சேர்ப்பது எளிது. அவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது.

எட்டாம் படி: குறிப்பு எழுதுதல்

ஒரு குறிப்புக்கு நூறு சொல் போதும். பெயரும் அதன் வடிவங்களும், பிறப்பு, பேட்டையோடு உறவு, முகவரி, செய்த காரியம், பேட்டை அவருக்குச் செய்தது, சான்று என்ற வரிசையில் எழுதுங்கள். மற்ற பட்டியல்களில் இல்லாதது "பேட்டை அவருக்குச் செய்தது" என்ற பகுதி. அதை விடாமல் எழுதச் சொல்வேன். மாதிரிக்கு ஒன்று:

நவநீதம் பிள்ளை, நவி பிள்ளை. பிறப்பு 1941 செப்டம்பர் 23, கிளேர்வுட். தமிழ்க் குடும்பம், தந்தை பஸ் ஓட்டுநர். உறவு: பிறந்தவர், வளர்ந்தவர். 1967இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண். 1995இல் தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயத்தின் நீதிபதியாகி, அதன் தலைவராகவும் இருந்தார். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். பேட்டை செய்தது: அவர் பல்கலைக்கழகம் போகக் கிளேர்வுட் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். பணம் கொடுத்தவர்கள் யார், எந்தச் சங்கத்தின் வழியாகத் திரட்டினார்கள் என்று ஒருவர் தேடத் தொடங்கினால் கிளேர்வுட்டின் பட்டியலில் இன்னும் பல பெயர் ஏறும்.

ஒன்பதாம் படி: எதை வெளியிடக் கூடாது

உயிரோடு இருப்பவரின் இப்போதைய முகவரி, தொலைபேசி எண் எதையும் எழுதாதீர்கள். அவர்களைப் பற்றிய குறிப்பைப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கப்பல் பதிவேட்டின் சாதிக் கட்டத்தை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன், நீங்களும் சேர்க்க வேண்டாம். அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் நம் முன்னோர் ஒரே வரிசை வீட்டில் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

பத்தாம் படி: பாதுகாத்தல்

அச்சுப் பிரதி ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று பேட்டைப் பள்ளி நூலகத்தில், ஒன்று ஆவண மையத்தில் இருக்கட்டும். கணினிக் கோப்பை இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். ஒவ்வொரு பிரதியின் முடிவிலும் வெற்றுத் தாள் சில சேர்த்துத் தையுங்கள். பார்ப்பவர்கள் திருத்தத்தையும் விடுபட்ட பெயரையும் தங்கள் கையெழுத்தில் எழுதிப் போவார்கள். தைப்பூசத்துக்குக் கூட்டம் கூடும் நாளில் பிரதியை மேசைமேல் திறந்து வையுங்கள், பக்கத்தில் பென்சிலோடு ஓர் ஆளையும் உட்காரவையுங்கள்.